கணனியின் உள்ளே படியும் தூசு: வீட்டிலேயே பாதுகாப்பாக அகற்றுவது எவ்வாறு?

டென்மார்க்கில் ஐப்பசி பிறந்துவிட்டால் வீட்டுச் சாளரங்கள் மூடப்பட்டு வெப்பமூட்டிகள் திறக்கப்பட்டுவிடும். அதன் பின்னர் பங்குனி வரையில் அடைபட்ட காற்றையே நாம் சுவாசிக்கின்றோம். வரவேற்பறை மூலையில் இருக்கும் மேசைக் கணனியும் அதே காற்றைத்தான் உள்ளிழுத்து வெளிவிடுகின்றது. நமது மூக்கு, தூசின் பெரும்பகுதியைத் தடுத்துக்கொள்ளும். மிஞ்சியதைத் தும்மல் வெளியேற்றிவிடும். கணனிக்கோ மூக்குமில்லை, தும்மலுமில்லை. உள்ளே சென்ற தூசு உள்ளேயே தங்கிவிடுகின்றது.

இன்று நமது குடும்பங்களுக்குக் கணனி ஒரு பொழுதுபோக்குப் பொருள் மட்டுமன்று. 2014ஆம் ஆண்டு நவம்பர் முதலாந் திகதியிலிருந்து, டென்மார்க்கில் வாழும் 15 வயதிற்கு மேற்பட்டோர், விதிவிலக்குப் பெற்றாலன்றி, அரச அலுவலகங்களின் கடிதங்களை மின் அஞ்சற்பெட்டி வழியாகவே பெற்றுக்கொள்ளக் கடமைப்பட்டுள்ளனர். கொம்யூன் அனுப்பும் கடிதமும் மருத்துவமனையின் அழைப்பும் அவ்வழியே வருகின்றன. கைத்தொலைபேசியில் அவற்றைப் பார்க்கலாமெனினும், நீண்ட படிவங்களை நிரப்பவும், பிள்ளைகள் பாடசாலை ஒப்படைகளை எழுதவும், ஊரிலிருந்து கொண்டுவந்த புகைப்படங்களைச் சேமித்து வைக்கவும் மேசைக் கணனியை நம்பியிருக்கும் வீடுகள் பல. அக்கணனி ஒருநாள் திடீரென நின்றுவிட்டால், புதியதொன்றை வாங்கச் சில ஆயிரம் குறோணர்கள் வேண்டும். பல சந்தர்ப்பங்களில் நின்றுபோனதற்குக் காரணம் பழுதடைந்த உறுப்பாக இராது. ஆண்டுக்கணக்கில் படிந்த தூசாகவே இருக்கும். அரை மணி நேர வேலையில் அதனை நாமே அகற்றலாம். ஆனால் அவ்வேலையில் உயிருக்கும் பொருளுக்கும் கேடு விளைக்கக்கூடிய சில இடங்கள் உண்டு. அவற்றை அறிந்த பின்னரே கணனியின் மூடியைத் திறத்தல் வேண்டும்.

வெப்பமே முதற் பகை

டென்மார்க்கின் முதலாவது கணனி 1957ஆம் ஆண்டில் கோபன்ஹேகனில் இயங்கத் தொடங்கியது. ‘டாஸ்க்’ என்பது அதன் பெயர். ‘ரெக்னசென்ராலன்’ என்னும் நிறுவனம் ஒரு குடியிருப்பு மாளிகையினுள் வைத்து அதனை அமைத்தது. 3.5 தொன் நிறையுள்ள அந்த இயந்திரத்தைத் தாங்கும் பொருட்டு வீட்டின் தரையைப் பலப்படுத்த வேண்டியிருந்தது. ஏறத்தாழ 2,500 வெற்றிடக் குழாய்களைக் கொண்டிருந்த அக்கணனிக்குக் குறைந்தது 15 கிலோவாற்று மின்வலு தேவைப்பட்டது. அவ்வளவு மின்வலுவும் ஈற்றில் வெப்பமாகவே அறைக்குள் இறங்கியிருக்கும்.

இன்றைய வீட்டுக் கணனிக்கு அதில் நூறில் ஒரு பங்கு மின்வலு போதும். ஆயினும் அந்த வெப்பத்தின் பெரும்பகுதி, பெருவிரல் நகத்தளவான ஒரு சிலிக்கன் துண்டில் ஒருங்கே பிறக்கின்றது. கணனியின் மூளையாகிய செயலி அதுவே. அதன்மேல் பல மெல்லிய தகடுகளைக் கொண்ட அலுமினிய அல்லது செப்புக் கட்டியொன்று பொருத்தப்பட்டிருக்கும். இதனை வெப்பந் தணிப்பான் என்போம். தகடுகளின் ஊடாக ஒரு சிறு மின்விசிறி காற்றைச் செலுத்தி வெப்பத்தை அகற்றுகின்றது. மின்னோட்டம் காந்த ஊசியை அசைக்கும் என்பதை 1820ஆம் ஆண்டில் கோபன்ஹேகனில் கண்டறிந்தவர் ஹான்ஸ் கிறிஸ்டியன் எர்ஸ்டெட் என்னும் டெனிஷ் அறிஞர். அந்தத் தத்துவத்தின்படியே இந்தச் சின்னஞ்சிறு விசிறியும் சுழல்கின்றது.

தகடுகளுக்கு இடையிலான வெளி ஒன்றிரண்டு மில்லிமீற்றர் மாத்திரமே. அங்கே தூசு சேர்ந்து கம்பளிபோல் திரண்டுவிட்டால் விசிறி சுழன்றும் பயனில்லை, காற்று உட்புகாது. வெப்பம் ஏற ஏறக் கணனி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். பெரும்பாலான செயலிகள் ஏறத்தாழ 100 பாகை செல்சியசை நெருங்கும்போது இவ்வாறு செய்கின்றன. அதற்கும் மேல் ஏறினால் அழிந்துவிடாமல் இருக்கும் பொருட்டுக் கணனி தானாகவே அணைந்துவிடும். தொடர்ந்த வெப்பத்தினால் தாய்ப்பலகையில் உள்ள மின்கொள்ளளவிகளின் ஆயுளும் குறைகின்றது.

இயந்திரத்தின் உள்ளே புகும் அந்நியப் பொருள் கணிப்பையே நிறுத்திவிடும் என்பதற்குக் கணனி வரலாற்றில் பெயர்பெற்ற சான்று ஒன்றுண்டு. 1947ஆம் ஆண்டு செப்டெம்பர் 9ஆந் திகதி, அமெரிக்காவின் ‘ஹார்வார்ட் மார்க் 2’ கணனியின் மின் இணைப்பி ஒன்றினுள் ஒரு விட்டிற்பூச்சி அகப்பட்டுக் கிடந்தது. அங்கு பணியாற்றியோர் அப்பூச்சியை எடுத்துத் தமது குறிப்பேட்டில் ஒட்டி வைத்தனர். நமது கணனிகளில் பூச்சி புகுவது அரிது. தூசு புகாத கணனியோ இல்லை.

நமது வீட்டுத் தூசின் இயல்பு

தூசு எல்லா நாட்டிலும் ஒன்றன்று. யாழ்ப்பாணத்தில் செம்மண் புழுதியும் கடலோரத்து உப்புக்காற்றும் மின்பொருட்களைக் கெடுத்தன. இங்கு வீட்டுத் தூசில் துணிகளிலிருந்தும் கம்பளங்களிலிருந்தும் உதிரும் நார்களும், உதிர்ந்த தோற்றுகள்களும், தலைமயிரும் மிகுதி. இவை ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும் தன்மையுடையன. குளிர்காலத்தில் மெழுகுவர்த்தி ஏற்றி வைப்பது டெனிஷ் மக்களின் வழக்கம். அப்பழக்கம் நமது வீடுகளிலும் புகுந்துவிட்டது. அதன் புகைக்கரி மிக நுண்ணியது; கறுப்பாகப் படிவது.

இவற்றோடு நமக்கே உரியனவும் சில உண்டு. மிளகாயும் மல்லியும் வறுக்கும்போது எழும் புகை, பொரியலின்போது எழும் எண்ணெய் ஆவி, சுவாமி அறையின் சாம்பிராணி, ஊதுவத்தி, கற்பூரம் ஆகியவற்றின் புகை என்பனவே அவை. எண்ணெய் ஆவி விசிறியின் இதழ்களில் மெல்லிய பசைபோல் படியும். அதன்மேல் விழும் தூசு பின்னர் ஊதினாலும் எளிதில் அகலாது. ஆகவே குசினிக்கு அடுத்தோ சுவாமி படத்திற்குக் கீழோ கணனியை வைப்பதைத் தவிர்த்தல் நன்று. தரைக் கம்பளத்தின் மேல் வைப்பதும் தகாது. நிலத்திலிருந்து ஒரு சாண் உயரத்தில் ஒரு பலகையின் மேல் வைத்தாலே உள்ளே செல்லும் தூசு வெகுவாகக் குறையும். கணனியின் பின்புறத்திற்கும் சுவருக்கும் இடையே ஒரு கையகலமேனும் வெளி இருத்தல் வேண்டும். வெப்பமூட்டியின் அருகே வைத்தலாகாது. நாளுக்கு இரண்டு மூன்று தடவை, ஐந்து முதல் பத்து நிமிடங்கள் சாளரங்களை அகலத் திறந்து காற்றோட்டம் செய்யுமாறு இந்நாட்டில் அறிவுறுத்துவர். அவ்வழக்கம் நமது நெஞ்சுக்கும் நல்லது, கணனிக்கும் நல்லது.

தூசு மிகுந்துவிட்டதைக் காட்டும் அறிகுறிகள் சில. விசிறியின் இரைச்சல் முன்பைவிட உரத்துக் கேட்கும். சிறிய வேலைக்கும் கணனி தாமதிக்கும். பின்புறத் துளைகளால் வரும் காற்று மிகச் சூடாகவோ மிக மெதுவாகவோ இருக்கும். அரை மணி நேரம் இயங்கிய பின்னர் முன்னறிவித்தலின்றி அணைந்து, சற்று ஆறிய பின்னர் மீண்டும் இயங்கும். இவற்றுள் ஏதேனும் இரண்டு தென்பட்டாலே மூடியைத் திறந்து பார்க்க வேண்டிய வேளை வந்துவிட்டது எனக் கொள்க.

அறிந்துகொள்ள வேண்டிய மூன்று ஆபத்துகள்

முதலாவது, மின்வழங்கி. சுவரிலிருந்து வரும் 230 வோல்ற்று மின்சாரத்தைக் கணனிக்கு ஏற்றவாறு மாற்றிக் கொடுக்கும் உலோகப் பெட்டி இது. மின்கம்பி வந்து சேரும் இடத்தில் இருப்பதால் எளிதில் அடையாளம் காணலாம். இதனுள் உள்ள பெரிய மின்கொள்ளளவிகளில் 300 வோல்ற்றுக்கும் மேற்பட்ட மின்னழுத்தம் சேமிக்கப்பட்டிருக்கும். மின்கம்பியைக் கழற்றிய பின்னரும் அது சிறிது நேரம் தங்கியிருக்கக்கூடும். உயிரைப் பறிக்க அது போதும். டென்மார்க்கில் 2008ஆம் ஆண்டு யூலை முதலாந் திகதி தொடக்கம் எல்லா வீடுகளிலும் மின்கசிவுத் தடுப்பி இருத்தல் கட்டாயமாக்கப்பட்டுள்ளது. உருகிப் பெட்டியில் ‘எச்.பி.எஃப்.ஐ.’ என்று பொறிக்கப்பட்டிருக்கும் பகுதி அதுவே. ஆயினும் கழற்றி வைக்கப்பட்ட பெட்டியினுள் தேங்கி நிற்கும் மின்சாரத்திலிருந்து அத்தடுப்பி நம்மைக் காக்காது. ஆகவே மின்வழங்கிப் பெட்டியின் திருகாணிகளை எக்காரணங் கொண்டும் கழற்றலாகாது. அதன் துளைகளினூடே ஊசியோ கம்பியோ செலுத்துதலும் கூடாது.

இரண்டாவது, நிலைமின். இது நம்மைக் கொல்லாது, கணனியைக் கொல்லும். குளிர்காலத்தில் கம்பளிச் சட்டையைக் கழற்றும்போது சடசடவென ஒலிப்பதையும், கதவுப் பிடியைத் தொட்டதும் விரல் சுரீரென்பதையும் நாம் அனைவரும் அறிவோம். ஊரில் இவ்வனுபவம் நமக்கு இருந்ததில்லை. காரணம், அங்குள்ள ஈரக் காற்று மின்னேற்றத்தைத் தங்கவிடுவதில்லை. 0 பாகையில் ஒரு கன மீற்றர் காற்று ஏறத்தாழ 5 கிராம் நீராவியையே தாங்கும். 20 பாகையிலோ ஏறத்தாழ 17 கிராம் தாங்க வல்லது. வெளியிலிருந்து வரும் குளிர்காற்று வீட்டினுள் சூடேறும்போது அதன் ஈரப்பதன் 30 சதவீதத்திற்கும் கீழே இறங்கிவிடுவது இதனாலேயே. சமையல் ஆவியும் குளியல் ஆவியும் அதனை ஓரளவே உயர்த்துகின்றன. வறண்ட காற்றில், கம்பளத்தின்மேல் நடந்தாலே உடலில் ஆயிரக்கணக்கான வோல்ற்று நிலைமின் ஏறிவிடும். ஏறத்தாழ 3,000 வோல்ற்றுக்கு மேற்பட்டால்தான் அதன் பாய்ச்சலை விரல் உணரும். நுண்ணிய மின்னணு உறுப்புகள் சிலவற்றுக்கோ 100 வோல்ற்றும் அதிகம். நமக்கு ஒன்றும் தெரியாமலேயே உறுப்பொன்று செயலிழந்துவிடலாம் என்பதே இதன் பொருள்.

மூன்றாவது, தகரக் குப்பிகளில் விற்கப்படும் அழுத்தக் காற்று. பெயர் காற்றாயினும் உள்ளே இருப்பது வெறுங்காற்றன்று; அழுத்தத்தினால் திரவமாக்கப்பட்ட வாயுவாகும். புவியை வெப்பமுறச் செய்யும் சில புளோரின் வாயுக்களை இத்தகைய குப்பிகளில் நிரப்பி விற்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2018ஆம் ஆண்டு சனவரி முதல் தடைசெய்தது. அவற்றிற்குப் பதிலாகப் பல குப்பிகளில் புரொப்பேன், பியூற்றேன் போன்ற வாயுக்கள் நிரப்பப்படுகின்றன. இவை சமையல் வாயுவைப் போன்றே தீப்பற்றுவன. ஆகவே குத்துவிளக்கோ மெழுகுவர்த்தியோ எரியும் அறையில், புகைப்பவர் அருகில் இருக்கையில், அல்லது கணனி இயங்கிக்கொண்டிருக்கையில் இதனைப் பயன்படுத்துவது பேராபத்து. குப்பியில் தீச்சுவாலைக் குறி இருக்கின்றதா என்று பார்த்து வாங்குக. இவ்வாயுவை வேண்டுமென்றே முகர்ந்தால் இதயம் திடீரென நின்றுவிடவுங் கூடும். எனவே வேலை முடிந்ததும் பிள்ளைகளின் கைக்கெட்டாத, வெயில் படாத இடத்தில் குப்பியை வைத்தல் வேண்டும்.

வேலைக்கு முன்னர் ஒரு பிரதி

எந்தக் கணனியைத் திறப்பதற்கு முன்னரும், அதிலுள்ள முக்கியமான கோப்புகளுக்கு ஒரு பிரதி எடுத்து வேறிடத்தில் வைத்தல் வேண்டும். பழைய வன்தட்டு, சிறு அதிர்ச்சியிலும் செயலிழக்கக்கூடியது. ஒரேயொரு பிரதியாக இருந்த பொருள் அழிந்தால் நேரும் இழப்பு எத்தகையது என்பதை நமது சமூகத்திற்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. 1981ஆம் ஆண்டு மே இறுதியிலும் யூன் முதலாந் திகதியிலும் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. அவற்றுட் பல, வேறெங்கும் பிரதி இல்லாதவை. ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் எண்ணிம வடிவில் பிரதிசெய்து காக்கும் ‘நூலகம்’ என்னும் முயற்சி 2005ஆம் ஆண்டில் தொடங்கியது. நமது வீட்டுக் கணனியில் உள்ள திருமணப் படமும், பாட்டியின் குரற்பதிவும், அகதி விண்ணப்பத்தின் பழைய தாள்களின் பிரதியும் நமது குடும்பத்தின் நூலகமே. அவற்றை இன்னொரு வன்தட்டில் பதிந்து உறவினர் வீட்டில் வைப்பதற்கு ஒரு மாலைப்பொழுது போதும்.

தேவையான பொருட்கள்

குறுக்குத் தலையுடைய திருப்புளி ஒன்று; மென்மயிர்த் தூரிகை ஒன்று (புதிய வர்ணத் தூரிகை போதும்); அழுத்தக் காற்றுக் குப்பி ஒன்று, அல்லது இறப்பரால் ஆன கைத்துருத்தி; காதுக்குப் பயன்படுத்தும் பஞ்சுக் குச்சிகள் சில; திருகாணிகளைப் போட்டு வைக்க ஒரு சிறு கிண்ணம்; மூக்கையும் வாயையும் மறைக்கும் முகக்கவசம் ஒன்று. ஆஸ்துமா உள்ளவர் இவ்வேலையைச் செய்யாதிருத்தலும், செய்யும் வேளையில் அவ்விடத்தில் நில்லாதிருத்தலும் நலம்.

செய்முறை

1. கணனியை முறைப்படி அணைத்து, சுவர்ச் செருகியிலிருந்து மின்கம்பியைக் கழற்றுக. ஆளியை அணைத்தால் மாத்திரம் போதாது. பின்னர் கணனியின் தொடக்கப் பொத்தானைப் பத்துச் செக்கன்கள் அழுத்திப் பிடித்திருங்கள். தாய்ப்பலகையில் எஞ்சியுள்ள மின்சாரம் இதனால் வெளியேறும்.

2. பின்புறத்திலுள்ள கம்பிகள் எவையெவை எங்கெங்கே செருகப்பட்டுள்ளன என்பதைத் தொலைபேசியினால் ஒரு படம் எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள்.

3. கணனியைக் கம்பளமில்லாத இடத்தில், மர மேசையொன்றின் மேல் வையுங்கள். உலர்ந்த நாளாயின் பல்கணி சாலச் சிறந்தது. தூசு வீட்டினுள் பரவாது. குளிர்காலத்தில் பல்கணியில் நெடுநேரம் வைத்தால் உலோகம் குளிர்ந்துவிடும். பின்னர் வீட்டினுள் கொண்டுவந்ததும், குளிரிலிருந்து வந்தவரின் மூக்குக்கண்ணாடியில் ஆவி படிவதுபோல், பலகைகளின் மேல் நீர்த்துளிகள் படியும். அவ்வாறாயின் சில மணி நேரம் அறை வெப்பத்தில் வைத்திருந்து, நன்கு உலர்ந்த பின்னரே மின்சாரம் கொடுத்தல் வேண்டும். நிலவறையில் வைத்திருந்த பழைய கணனியை மேலே கொண்டுவரும்போதும் இவ்விதி பொருந்தும்.

4. பெரும்பாலான கணனிகளில், முன்புறமிருந்து பார்க்கையில் இடப்பக்கத் தகடே கழற்ற வேண்டியது. பின்புறத்தில் அதற்குரிய இரண்டு திருகாணிகளைக் கழற்றி, தகட்டைப் பின்னோக்கி இழுத்தால் அது விடுபடும். திருகாணிகளைக் கிண்ணத்தில் இடுக.

5. உள்ளே கை வைப்பதற்கு முன்னர், வெப்பமூட்டிக் குழாயின் வர்ணம் பூசப்படாத உலோகப் பகுதியைத் தொடுங்கள். உடலிலுள்ள நிலைமின் நிலத்திற்குள் இறங்கிவிடும். அதன் பின்னர் வேலை முடியும் வரை, கணனிக் கூட்டின் வெறும் உலோகத்தை இடைக்கிடை தொட்டுக்கொள்ளுங்கள். அன்று கம்பளிச் சட்டையைத் தவிர்த்துப் பருத்தி உடை அணிவது நன்று.

6. முதலில் பெருந்தூசை மென்தூரிகையினால் மெதுவாகக் கீழ்நோக்கித் தள்ளி வெளியேற்றுங்கள். முன்புறத்தில் வலைபோன்ற வடிகட்டி இருந்தால் அதனைக் கழற்றி நீரில் கழுவலாம். முற்றாக உலர்ந்த பின்னரே மீண்டும் பொருத்துதல் வேண்டும்.

7. அடுத்து விசிறிகள். காற்றை ஊதுவதற்கு முன்னர் ஒவ்வொரு விசிறியின் இதழையும் விரலாலோ ஒரு மரக்குச்சியாலோ அசையாது பிடித்துக்கொள்ளுங்கள். ஊதும் வேகத்தில் அது கட்டுமீறிச் சுழன்றால் அச்சு தேய்ந்துவிடும். அதுவன்றி, சுழலும் விசிறி சிறு மின்பிறப்பாக்கியாக மாறித் தாய்ப்பலகைக்குள் மின்னழுத்தத்தைச் செலுத்தவுங் கூடும். இதழ்களில் ஒட்டிய பசைத்தூசைப் பஞ்சுக் குச்சியினால் துடைத்தெடுங்கள்.

8. குப்பியை எப்போதும் நிமிர்த்தியே பிடித்தல் வேண்டும். சரித்தாலோ கவிழ்த்தாலோ திரவம் வெளிப்பட்டு உறுப்புகளை உறையச் செய்யும். விரலில் பட்டால் தோல் வெந்ததுபோலாகும். ஒரு சாண் தூரத்தில் நிறுத்தி, ஒன்றிரண்டு செக்கன்கள் மட்டும் விட்டுவிட்டு ஊதுங்கள்.

9. வெப்பந் தணிப்பானே இவ்வேலையின் முக்கிய இடம். விசிறிக்கும் தகடுகளுக்கும் இடையில் தூசு ஒரு விரிப்புப்போல் படிந்திருக்கும். வழக்கமாகக் காற்று செல்லும் திசைக்கு எதிர்த்திசையிலிருந்து ஊதினால் அது வந்த வழியே வெளியேறும். தணிப்பானைச் செயலியிலிருந்து பிரிக்க முயல வேண்டாம். இரண்டிற்கும் இடையில் வெப்பங் கடத்தும் பசையொன்று உண்டு; பிரித்தால் பழைய பசையை அகற்றிப் புதியது பூசுதல் அவசியம்.

10. மின்வழங்கியை வெளியிலிருந்தே ஊதுங்கள். அதன் துளைகளின் வழியே நாலைந்து தடவை ஊதினாற் போதும்.

11. நினைவகத் தட்டுகள் முதலியவற்றைக் காரணமின்றிக் கழற்ற வேண்டாம். கழற்ற நேர்ந்தால் ஓரங்களில் மட்டும் பிடித்து, பொன்னிறத் தொடுமுனைகளில் விரல் படாது கையாளுங்கள்.

12. மூடுவதற்கு முன்னர் ஒரு பார்வை: ஏதேனும் கம்பி விசிறி இதழில் உரசுகின்றதா? உருளை வடிவான மின்கொள்ளளவிகளின் தலை புடைத்திருக்கின்றதா? புடைத்திருப்பின் அது பழுதாகும் தறுவாயில் உள்ளது; தொழில் அறிந்தவரிடம் காட்டுங்கள். கடிகாரமும் திகதியும் அடிக்கடி பின்னோக்கிப் போயிருந்தால், தாய்ப்பலகையில் உள்ள நாணயம் போன்ற 3 வோல்ற்று மின்கலத்தை மாற்றவேண்டும். அதன் இலக்கம் பெரும்பாலும் சி.ஆர். 2032.

13. சாளரங்களைத் திறந்து, வாயு முற்றாகக் கலைவதற்குக் கால் மணி நேரம் விடுங்கள். பின்னர் தகட்டைப் பொருத்தி, கம்பிகளைப் படத்தின்படி செருகி, இறுதியாக மின்சாரம் கொடுங்கள். விசிறிகள் அனைத்தும் சுழல்கின்றனவா என்று காது கொடுத்துக் கேளுங்கள். ஒரு விசிறி சுழலாதிருந்தால் உடனே அணைத்துவிடுக.

செய்யத் தகாதவை

வீட்டுத் தூசு உறிஞ்சியைக் கணனியின் உள்ளே செலுத்துதல் பலரிடம் உள்ள பழக்கம். டென்மார்க் அவ்வியந்திரத்திற்குப் பேர்போன நாடு. 1906ஆம் ஆண்டில் கோபன்ஹேகனில் தொடங்கிய ஃபிஸ்கர், நீல்சன் ஆகியோரின் நிறுவனம் 1910ஆம் ஆண்டிலேயே மின்சாரத்தால் இயங்கும் தூசு உறிஞ்சியைச் செய்து விற்றது. ‘நில்ஃபிஸ்க்’ என்று இன்று நாம் அறியும் பெயர் அவ்விருவர் பெயரின் சேர்க்கையே. தரைக்கு அது நிகரற்றது. ஆனால் அதன் பிளாஸ்ரிக் குழாயினூடே தூசு விரைந்து உராயும்போது குழாய்முனையில் நிலைமின் ஏறுகின்றது. அம்முனை தாய்ப்பலகையைத் தொட்டால் முன்னர் கூறிய கேடு நேரும். சிறு திருகாணிகளையும் அது விழுங்கிவிடும். வெளியே பறந்து விழுந்த தூசை எடுப்பதற்கு மட்டும் அதனைப் பயன்படுத்துங்கள்.

வாயால் ஊதுதலாகாது, எச்சில் தெறித்து, உலோகத் தொடுமுனைகள் துருப்பிடிக்கும். ஈரத்துணி, சவர்க்கார நீர், நகப்பூச்சு அகற்றி, வாசனைத் தைலம் ஆகியன உள்ளே படவே கூடாது. தலைமயிர் உலர்த்தும் கருவியினால் ஊதுவதும் தகாது. விசிறி இரைகின்றது என்பதற்காகத் தேங்காயெண்ணெயோ தையல் இயந்திர எண்ணெயோ விடுதல் வேண்டாம். அது சில நாட்கள் அமைதியாகச் சுழன்று, பின்னர் தூசோடு சேர்ந்து இறுகிவிடும். வாகனச் சக்கரத்திற்குக் காற்றடிக்கும் இயந்திரமும் பொருந்தாது. அதன் காற்றில் நீர்த்துளியும் எண்ணெயும் கலந்திருக்கும்.

மின்செருகியையும் கவனியுங்கள்

கணனியைத் தொட்ட கையோடு அதன் மின்கம்பியையும் பார்த்துவிடுதல் நன்று. எல்லை கடந்து யேர்மனியில் மலிவாகக் கணனி வாங்குவோர் நம்மிற் பலர். அங்கிருந்து வரும் செருகி, டெனிஷ் சுவர்த்துளையினுள் தடையின்றிப் புகும், கணனியும் இயங்கும். ஆனால் யேர்மனியச் செருகியில் புவித்தொடுப்பு இருபக்க உலோகப் பட்டைகளில் உள்ளது. டெனிஷ் முறையிலோ அது தனியானதொரு அரைவட்ட ஊசியாகும். இரண்டும் ஒன்றையொன்று தொடுவதில்லை. எனவே கணனி புவித்தொடுப்பின்றியே இயங்குகின்றது. அதன் உலோகக் கூட்டைத் தொடும்போது விரல் நுனியில் மெல்லிய கூச்சம் தோன்றினால் காரணம் பெரும்பாலும் இதுவே. உள்ளே கம்பியொன்று விடுபட்டுக் கூட்டைத் தொட்டுவிட்டால் அந்தக் கூச்சம் உயிராபத்தாக மாறும்.

பரிகாரம் எளிது. மூன்று ஊசிகளையுடைய டெனிஷ் மின்கம்பியைக் கடையில் வாங்கிப் பழையதற்குப் பதிலாகச் செருகினாற் போதும். சுவர்த்துளையிலும் அரைவட்டத் துளை இருத்தல் வேண்டும். சிரிக்கும் முகம்போல் தோன்றும் துளையே அது. இரண்டு துளைகள் மட்டும் உள்ள பழைய வீடுகளில், உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு மாற்றுவிக்குமாறு வீட்டு உரிமையாளரிடம் கேளுங்கள். மின்கசிவுத் தடுப்பியின் சோதனைப் பொத்தானையும் ஆண்டுக்கு ஒரு தடவையேனும் அழுத்திப் பார்த்தல் அவசியம். எவருக்கேனும் மின்சாரம் தாக்கினால் அவரைத் தொடுவதற்கு முன்னர் மின்சாரத்தைத் துண்டித்து, உடனே 112 இலக்கத்தை அழையுங்கள்.

எத்தனை தடவை? எப்போது கைவிடுவது?

சாதாரண வீட்டில் ஆண்டுக்கு ஒரு தடவை போதும். சித்திரையில் வெப்பமூட்டிகள் ஓயும் காலம் இதற்குப் பொருத்தமானது: காற்றில் ஈரமுண்டு, பல்கணியில் குளிர் குறைவு, குளிர்காலத் தூசு முழுவதும் ஒருசேர அகலும். கம்பளமும் வளர்ப்புப் பிராணியும் புகைப்பழக்கமும் உள்ள வீடுகளில் ஆறு மாதத்திற்கு ஒரு தடவை செய்தல் நன்று.

துப்புரவு செய்தும் கணனி சூடேறி நின்றால், வெப்பங் கடத்தும் பசை காய்ந்திருக்கலாம், விசிறி தேய்ந்திருக்கலாம். இவற்றை மாற்றுவது பெருஞ்செலவன்று. மின்வழங்கியிலிருந்து கருகிய மணமோ வெடியொலியோ வந்தால் மட்டும் மறுபடி இயக்கிப் பார்க்க வேண்டாம். அப்பெட்டியை முழுதாக மாற்றுவதே முறை.

இனிப் பயன்படாது என்று முடிவு செய்த கணனியைக் குப்பைத் தொட்டியில் எறிதல் கூடாது. ஈயம் முதலிய நச்சுப்பொருட்கள் அதனுள் இருக்கலாம். ஒவ்வொரு கொம்யூனிலும் உள்ள ‘கென்புறூஸ்பிளாஸ்’ என்னும் மீள்பயன்பாட்டு நிலையத்தில் வீட்டு மின்பொருட்களை ஒப்படைக்கலாம். அதற்கு முன்னர் வன்தட்டைக் கழற்றி எடுத்துவிடுங்கள், அல்லது அதற்குரிய செயலியால் முற்றாக அழித்துவிடுங்கள். நமது சீ.பீ.ஆர். இலக்கமும் வங்கிக் கடிதங்களும் அதிலே பதிந்திருக்கும். கோப்பைக் குப்பைக்கூடைக்குள் தள்ளிவிட்டால் மாத்திரம் அவை அழிவதில்லை.

இவ்வேலையைச் செய்யும்போது பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளையும் அருகில் இருத்திக் காட்டுங்கள். மின்கம்பியைக் கழற்றிய பின்னரே தொடவேண்டும் என்பதும், மின்வழங்கிப் பெட்டியைத் திறக்கவே கூடாது என்பதும் முதலில் அவர்கள் மனத்திற் பதியட்டும். தாய்ப்பலகை, நினைவகம், செயலி என்று ஒவ்வொன்றின் பெயரையும் தமிழில் நீங்கள் சொல்ல, டெனிஷ் மொழியில் அவர்கள் சொல்லட்டும். அடுத்த ஆண்டு திருப்புளியை அவர்கள் கையிலேயே கொடுத்துவிடலாம்.